புகைப்பழக்கத்தை விட்ட பாடகர்களின் தொண்டை: கேள்வி-பதில்

கே: சிகரெட்டை விட்டு மூன்று வாரம் ஆகிறது. முன்பைவிடச் சளி அதிகம், பாட நின்றால் இருமல். விட்டது தப்பா?
(மெல்லிசைப் பாடகர், காட்பாடி)

தப்பே இல்லை. புகையால் முடங்கிக் கிடந்த மூச்சுக்குழாயின் நுண்ரோமங்கள் மறுபடி வேலை செய்து பழைய சளியை மேலே தள்ளுகின்றன. ஓரிரு மாதத்தில் அடங்கும். சளியில் ரத்தம் தெரிந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். அப்புறம், செருமாதீர்கள். செருமும்போதெல்லாம் குரல்நாண்கள் மோதிக்கொள்கின்றன. ஒரு மடக்குத் தண்ணீர் குடியுங்கள்.

கே: தொண்டை கட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
(வேலூர்)

எத்தனை நாளாக? புகைப்பீர்களா? எப்போது விட்டீர்கள்? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் என்ன சொல்வது? குரல் கம்மல் மூன்று வாரம் தாண்டினால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் ஸ்கோப் வைத்துப் பாருங்கள். குரல்நாணில் வரும் புற்றுநோய் முதலில் கம்மலாகத்தான் தெரியும். ஆரம்பத்திலேயே பிடித்தால் பெரும்பாலும் குணமாகும்.

கே: கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறேன். பீடியை விட்டதும் குரலில் கனம் போய்விட்டது. பீடி பிடித்தால்தான் ராஜா குரல் என்கிறார் வாத்தியார்.
(ஆரணி பக்கம்)

பாரதக் கூத்து தொடங்கும் நேரத்தில் தவறாமல் வரும் கேள்வி. வாத்தியார் மேல் எனக்கும் மரியாதை உண்டு, ஆனால் இந்தப் பேச்சு எத்தனையோ நல்ல தொண்டைகளைக் கெடுத்திருக்கிறது. நீங்கள் கனம் என்று நினைத்தது வீக்கம். வருஷக்கணக்கில் புகை பட்டால் குரல்நாணின் மேல்தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொள்ளும். ரெய்ன்கே வீக்கம் என்போம். நாண் தடித்தால் மெதுவாக அதிரும், சுருதி இறங்கும். புகைக்கிற பெண்களைப் போனில் 'சார்' என்று கூப்பிடுவதும் இதனால்தான்.

புகையை விட்டால் வீக்கம் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வடியும். ரொம்பப் பழைய வீக்கமென்றால் சிலருக்கு அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். அதற்குப் பின்னும் புகைத்தால் திரும்ப வரும். குரல் லேசானதும் பயந்து பழைய கனத்துக்காகக் கத்தாதீர்கள். ஆர்மோனியக்காரரிடம் சொல்லி, குரல் நிற்கிற இடத்துக்குச் சுருதியை அரைக் கட்டை முன்னே பின்னே மாற்றிக்கொள்ளுங்கள். வேஷம் கட்டும் கொட்டகையில் அரிதாரம் பூசிக்கொண்டே நாலு பேர் பீடி பிடித்தால் அந்தப் புகையும் உங்கள் தொண்டைக்குத்தான் போகிறது. வெளியே உட்கார்ந்து பூசிக்கொள்ளுங்கள். விடிய விடியப் பாடுகிறவர் இடையிடையே தண்ணீர் குடிக்க வேண்டும். முக்கியமாக, செருமக் கூடாது.

கே: நான் புகைப்பதில்லை. வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். குரல் பாதிக்குமா?
(குடியாத்தம்)

பாதிக்கலாம். புகையிலைத் தூளும் தொண்டையை அரிக்கும். அந்த அறையில் பாட்டுச் சாதகம் வேண்டாம்.

கே: அதிமதுரம் அடக்கிக்கொள்ளலாமா?
(பஜனைப் பாடகர், ராணிப்பேட்டை)

எப்போதாவது சரி. தினமும் என்றால் ரத்த அழுத்தம் ஏறலாம். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தொடவே வேண்டாம்.

கே: பாடுவதற்கு முன் நிகோடின் சூயிங்கம் மெல்லலாமா?
(ஆம்பூர்)

மேடைக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிடுங்கள். வேகமாக மென்றால் நிகோடின் எச்சிலோடு இறங்கித் தொண்டை எரியும், விக்கல் வரும். மெதுவாக மென்று, வாயில் காரம் தெரிந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள்.