இன்னொரு அறை

வணக்கம் சார்,

போர் என்று வந்துவிட்டால் ஒரே ஆள் முடிவெடுக்க வேண்டும், கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தால் நாடு போய்விடும் என்கிறார்கள் நண்பர்கள். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் பிரதமராக இருந்த சர்ச்சிலைத்தான் உதாரணம் காட்டுகிறார்கள். உண்மையில் அப்படித்தான் நடக்கிறதா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் நண்பர்கள் தப்பான ஆளைப் பிடித்திருக்கிறார்கள். 1940 மே 26 முதல் 28 வரை, மூன்றே நாளில், பிரிட்டனின் போர் அமைச்சரவை ஒன்பது முறை கூடியது. உறுப்பினர்கள் ஐந்தே பேர். ஜெர்மனியிடம் பிரான்ஸ் சரிந்துகொண்டிருக்கிறது, பிரிட்டிஷ் படை பிரான்ஸின் கடற்கரையில் டன்கர்க் பக்கம் மாட்டிக்கொண்டிருக்கிறது, எத்தனை பேர் திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது (இருபது முப்பதாயிரம் பேரைத்தான் மீட்க முடியும் என்று சர்ச்சிலே பயந்திருக்கிறார், கடைசியில் வந்து சேர்ந்தவர்கள் சுமார் 3,38,000). வெளியுறவு அமைச்சர் ஹாலிஃபாக்ஸ், இத்தாலி மூலமாக ஜெர்மனியோடு சமாதானத்துக்கு வழி இருக்கிறதா என்று விசாரித்துப் பார்ப்போமே என்கிறார். இன்றைக்கு அதைக் கோழைத்தனம் என்று சொல்வது சுலபம், அன்று கையில் இருந்த தகவலுக்கு அது நியாயமான பேச்சுதான். மால்டாவையும் ஜிப்ரால்டரையும் சில ஆப்பிரிக்கக் காலனிகளையும் கொடுத்துத் தப்பிக்க முடிந்தால் சந்தோஷமாகச் சம்மதிப்பேன் என்று சர்ச்சில் சொன்னதாக, அந்த ஐவரில் ஒருவரும் முந்தைய பிரதமருமான சேம்பர்லினின் நாட்குறிப்பில் இருக்கிறது.

அப்புறம் சர்ச்சில் செய்த காரியம்தான் சுவாரசியம். 28ஆம் தேதி மாலை, வாதம் முடியாமலே கூட்டத்தை ஒத்திவைத்துவிட்டு, அந்த ஐவரில் சேராத மற்ற அமைச்சர்களை, சுமார் 25 பேரை, நாடாளுமன்றத்திலேயே தன் அறைக்கு வரவழைத்து, சண்டையை நிறுத்தப்போவதில்லை என்று பேசினார். பலர் எழுந்து ஓடிவந்து அவர் முதுகில் தட்டினார்கள். ஏழு மணிக்கு ஐவர் கூட்டத்துக்குத் திரும்பி, அதைச் சொன்னார். அதோடு ஹாலிஃபாக்ஸின் யோசனை படுத்துவிட்டது.

இதே சர்ச்சில் பின்னால் எழுதிய நினைவுக்குறிப்பில், தனியாகப் போரைத் தொடர்வதா என்ற கேள்வி அமைச்சரவை நிகழ்ச்சிநிரலிலேயே இடம்பெறவில்லை என்று போட்டார்! கூட்டக் குறிப்புகள் பல வருடம் கழித்து வெளியானபோதுதான் குட்டு உடைந்தது. உங்கள் நண்பர்களுக்குத் தெரிந்த சர்ச்சில் அந்த நினைவுக்குறிப்பில் வருபவர்.

1943இல் வங்கப் பஞ்சத்தின்போதும் சர்ச்சில்தான் பிரதமர். தானியக் கப்பல் அனுப்பச் சொல்லி இந்திய விவகார அமைச்சர் அமெரி மன்றாடினார். போருக்கே கப்பல் போதவில்லை என்று சொல்லி, கேட்டதில் கொஞ்சம்தான் ஒதுக்கினார்கள். செத்தவர்கள் 30 லட்சம் வரை இருக்கலாம் என்கிறார்கள். அமெரி கூப்பிட்டு ஆதரவு திரட்ட, இன்னொரு அறையில் 25 பேர் இல்லை.