ஸ்பூனரின் இரு நூல்கள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க வழக்கறிஞரும் அடிமைமுறை எதிர்ப்பாளருமான லைசாண்டர் ஸ்பூனர் பற்றிய உங்கள் கட்டுரைக்குப் பிறகு அவருடைய இரு நூல்களை வாசித்தேன். அமெரிக்க அரசமைப்புச் சட்டம் அடிமைமுறைக்கு இடம் தரவில்லை என்று 1845இல் வாதிட்டவர், 1870இல் அந்தச் சட்டம் யாரையும் கட்டுப்படுத்தாது என்கிறார். வழக்குக்கு ஏற்றபடி வாதத்தை மாற்றிக்கொண்டவர்தானா அவர்?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரு நூல்களையும் அடுத்தடுத்து வாசிக்கும் எவருக்கும் இந்த ஐயம் எழும். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே பார்வை என்றே நான் கருதுகிறேன். ஒரு பத்திரத்தை வழக்கறிஞர் எப்படிப் பரிசோதிப்பாரோ அப்படியே ஸ்பூனர் அரசமைப்புச் சட்டத்தைப் பரிசோதிக்கிறார். முதல் நூலில் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கிறார். இரண்டாவதில் அதில் கையொப்பமிட்டவர் யார் என்று கேட்கிறார்.

1845இல் அவர் எதிர்கொண்ட சூழல் விசித்திரமானது. அரசமைப்புச் சட்டம் அடிமைமுறையைக் காக்கிறது என்பதில் அடிமை உடைமையாளர்களும், அவர்களைக் கடுமையாக எதிர்த்த அடிமைமுறை ஒழிப்பாளர் வில்லியம் லாயிட் காரிசன் அணியினரும் ஒத்த கருத்துடையவர்களாக இருந்தார்கள். மூலச் சட்டத்தில் ‘அடிமை’ என்ற சொல்லே இல்லை என்பதைச் சுட்டிக்காட்டிய ஸ்பூனர், ‘மற்ற நபர்கள்’, ‘சேவைக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட நபர்’ போன்ற மழுப்பலான தொடர்களுக்கு மனித உரிமையைப் பறிக்கும் பொருளை ஏற்றக் கூடாது என்றார். உரிமையைப் பறிக்கும் நோக்கம் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகச் சொல்லப்பட்டிருக்க வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல் 1805இல் வகுத்த விதியே அவருக்குப் பிடிமானம். சட்டத்தை வரைந்தவர்கள் மூடிய கதவுகளுக்குள் என்ன எண்ணினார்கள் என்பது அவருக்குப் பொருட்டல்ல. மக்கள் முன் வைக்கப்பட்டது எழுத்து மட்டுமே. இந்நூலை மறுத்து, காரிசன் அணியைச் சேர்ந்த வெண்டெல் பிலிப்ஸ் 1847இல் ஒரு நூலே எழுதினார். வரைந்தவர்களின் நோக்கத்தைப் பொறுத்தவரை பிலிப்ஸே சரி என்பது என் துணிபு. ஆனால் அந்த நோக்கம் பின்வந்தவர்களைக் கட்டுப்படுத்துமா என்ற ஸ்பூனரின் கேள்வியை அவரால் அசைக்க முடியவில்லை. அடிமையாய்ப் பிறந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ், காரிசன் அணியின் கருத்தைக் கைவிட்டு 1851இல் ஸ்பூனரின் பக்கம் வந்தபோது, தம் மனத்தை மாற்றிய எழுத்துகளில் ஸ்பூனருடையதையும் குறிப்பிட்டார்.

1870இல் வெளிவந்த நூலின் வாதமும் நீதிமன்றத்தில் பழகிய வாதம்தான். நிலம் வாங்குவதற்கே எழுதிக் கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும் என்று சட்டம் கோரும்போது, எவரும் கையொப்பமிட்டு எவரிடமும் ஒப்படைக்காத ஒரு தாள் கோடிக்கணக்கானவர்களை எப்படிக் கட்டுப்படுத்தும் என்கிறார். இந்த எண்ணம் அவருக்குப் புதிதாக முளைத்ததும் அல்ல. மக்களின் சம்மதம் கோட்பாட்டில் மட்டுமே உண்டு, நடைமுறையில் இல்லை என்று அடிமைமுறை பற்றிய நூலிலேயே எழுதியிருக்கிறார். ஆகவே அந்நூலின் வாதம் ஒரு நிபந்தனையின் மேல் நிற்கிறது: இந்தச் சட்டம் செல்லும் என்பீர்களானால், அதன் சொற்கள் விடுதலையின் பக்கமே நிற்கின்றன.

இரு நூல்களுக்கும் இடையில் வந்தது, பிரிந்துபோன தெற்கு அடிமை மாநிலங்களுக்கும் வடக்குக்கும் நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போர். 1858இல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் திட்டம் அச்சிட்டவர், வடக்கு நீதிக்காகப் போரிடவில்லை, சம்மதமில்லாதவர்களைப் படைபலத்தால் ஆளவே போரிட்டது என்று முடிவுகட்டினார். இந்த இடத்தில் என்னால் அவருடன் செல்ல முடியவில்லை. வடக்கின் படையில் சேர்ந்த சுமார் 1,80,000 கறுப்பின வீரர்கள் எதற்காகப் போரிட்டார்கள் என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

1870ஆம் ஆண்டு நூலின் கடைசிப் பத்தியை மீண்டும் வாசித்துப் பாருங்கள். அரசமைப்புச் சட்டம் பொதுவாக நம்பப்படுவதுபோன்ற ஆவணம் அல்ல என்பதே தம் கருத்து என்றும், அதை நிறுவ முன்பே நிறைய எழுதியிருப்பதாகவும் அவரே அங்கு சொல்கிறார். 1845இன் வாசிப்பை அவர் திரும்பப் பெறவில்லை. அந்தச் சட்டம் இப்படிப்பட்ட ஓர் அரசுக்கு அனுமதி தந்திருக்க வேண்டும், அல்லது அதைத் தடுக்கும் வலுவற்றதாக இருந்திருக்க வேண்டும். எப்படியானாலும் அது இருக்கத் தகுதியற்றது என்று அதற்குப் பிறகே எழுதுகிறார்.

அன்புடன்,
ஆசிரியர்