தாழப் பறக்கும் விமானத்தைப் போர்விமான ராடர் மேலிருந்து எப்படிப் பிரித்தறிகிறது?

பதுங்குகுழிக்குள் விமான இரைச்சலைக் கேட்டு வன்னியில் வளர்ந்த எனக்கும் இதே கேள்வி இருந்தது. தரையும் பனைகளும் அனுப்பும் எதிரொலி விமானத்தின் எதிரொலியை மூழ்கடித்துவிடாதா? மூழ்கடிக்கும், பழைய ராடர்களின் பெருங்குறை அதுதான்.

தூரத்தை அளப்பது எளிது. 30 கிலோமீற்றரில் பட்டுத் திரும்ப அலைக்கு 0.2 மில்லிசெக்கன் போதும். பிரித்தறிய உதவுவது டொப்ளர் விளைவு. பரந்தன் சந்தியில் நின்று பாருங்கள்: ஏ9 வீதியில் ஹோர்ன் அடித்தபடி வரும் பஸ் உங்களைக் கடந்ததும் சுருதி சட்டென்று இறங்கும். ராடர் அலையும் அப்படியே. நெருங்கி வரும் இலக்கு அதிர்வெண்ணைக் கூட்டும். தன் வேகத்தால் தரையின் எதிரொலியில் ஏற்படும் மாற்றத்தைக் கணித்து, ராடர் அதை வடிகட்டிவிடும், மிஞ்சுவது இலக்கு.

ஆனால் இலக்கு குறுக்காகத் திரும்பினால், அது ராடர் இருக்கும் திசையில் நெருங்குவதுமில்லை விலகுவதுமில்லை என்பதால், அதன் எதிரொலியும் தரையினுடையதைப் போலாகி, சேர்ந்தே வடிகட்டப்பட்டுவிடும். விமானிகள் ராடரின் பிடியிலிருந்து நழுவ இந்த வழியைக் கையாளுகிறார்கள்.