சங்கில் அன்னாசிப்பூத் தண்ணீர் வேண்டாம்

அன்னாசிப்பூ நரம்பைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்த வீடியோவைப் பார்த்துவிட்டு, டப்பாவோடு குப்பையில் போடவா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். ஒரு கிலோ பிரியாணிக்கு இரண்டு மூன்று பூ தாளிப்பதால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. கஷாயம் குடித்தால் ஃப்ளூ வராது என்பதும் அரைகுறைச் செய்தி. இதிலுள்ள ஷிகிமிக் அமிலத்தைப் பல வேதிமாற்றங்களுக்கு உட்படுத்தித்தான் ஃப்ளூவுக்குக் கொடுக்கும் ஓசெல்டாமிவிர் மாத்திரை செய்கிறார்கள். அடுப்பில் கொதிக்கிற தண்ணீர் மாத்திரையாகிவிடாது.

கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, மூன்று மாத மகனுக்கு வாயு என்று மாமியார் அன்னாசிப்பூ கொதித்த தண்ணீரைச் சங்கில் புகட்டுகிறார் என்று, அதை இன்றோடு நிறுத்துங்கள்.

சமையலுக்கு வரும் அன்னாசிப்பூ சீனாவின் குவாங்ஸி, வியட்நாம் பக்கம் விளைவது. ஜப்பானில் ஷிகிமி என்றொரு மரம் உண்டு. அதன் காயும் அச்சு அசல் இதே போலிருக்கும். அதிலுள்ள அனிசாட்டின் வலிப்பை வரவழைக்கும் நஞ்சு. இரண்டும் கலந்துவிட்டால் கண்ணால் பார்த்துப் பிரிப்பது நடக்காது. பொடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அன்னாசிப்பூ டீ கொடுத்த கைக்குழந்தைகளுக்கு வலிப்பு வந்ததால்தான் 2003-ல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது. பிரியாணியில் தப்பித் தவறி ஒரு பூ விழுந்தாலும் பத்துப் பேருக்குப் பிரிந்துபோகும். சங்கில் புகட்டும்போதோ தண்ணீரில் இறங்கிய சாறு முழுவதும் ஐந்தாறு கிலோ குழந்தையின் வயிற்றுக்குள் போகிறது.

இதுவரை குடித்தும் நன்றாகப் பால் குடித்துச் சிரிக்கிறான் என்றால் பயம் வேண்டாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கை கால் வெட்டி வெட்டி இழுக்கிறதா? மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். பிடித்தால் நின்றுவிடும் நடுக்கம் வேறு. பிடித்த பிறகும் உங்கள் கைக்குள் துடித்தாலோ, கண் ஒரு பக்கமாகச் சொருகினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ அது வலிப்பு. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழையுங்கள். கையில் சாவி கொடுப்பது, வாயில் எதையாவது ஊற்றுவது எல்லாம் கூடாது. டப்பாவில் மிச்சமிருக்கும் பூவையும் எடுத்துப் போங்கள்.

சாயங்கால அழுகை மூன்று, நான்கு மாதத்தில் தானாகக் குறையும். பால் குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வையுங்கள். ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்தான். வெறும் தண்ணீர்கூட வேண்டாம், அப்புறம் வசம்பும் ஓமத்தண்ணீரும் எதற்கு?

மாமியாரிடம் சொல்லச் சங்கடமாக இருந்தால், அடுத்த தடுப்பூசிக்கு அவரையும் கூட்டிப் போங்கள். டாக்டர் வாயால் கேட்டால் சங்கைப் பரணில் ஏற்றிவிடுவார்.