நிராகரித்த கட்டுரையை கிளையன்ட் வெளியிட்டால்?

கேள்வி: ஃப்ரீலான்ஸ் எழுத்துக்கு நான் புதியவள். எழுத்தாளர்களையும் கிளையன்ட்களையும் இணைக்கும் ஒரு தளத்தில், வீட்டிலிருந்து வேலை செய்பவர்களின் முதுகுவலி பற்றி 1,500 சொற்களில் கட்டுரை கேட்டிருந்தார்கள். யாரும் எழுதி அனுப்பலாம், பிடித்ததை வாங்கிக்கொள்வார்கள். என் கட்டுரையை 'பொருந்தவில்லை' என்று திருப்பிவிட்டார்கள். சில வாரங்களில் அதே கட்டுரை, தலைப்பும் முதல் பத்தியும் மட்டும் மாறி, அந்த கிளையன்டின் இணையதளத்தில் வந்திருக்கிறது. கேட்டால், 'விஷயமும் குறிப்புகளும் நாங்கள் கொடுத்தவை, அதனால் கட்டுரையும் எங்களுடையது' என்கிறார்கள். நான் என்ன செய்வது? இதை வேறொருவருக்கு விற்கலாமா?

பதில்: அவர்கள் சொல்லும் காரணம் சட்டத்தின் முன் நிற்காது. பதிப்புரிமை எழுதப்பட்ட வடிவத்துக்குத்தான், கருத்துக்கு இல்லை. உலக வர்த்தக அமைப்பின் அறிவுசார் சொத்துரிமை ஒப்பந்தமான டிரிப்ஸ், 9ஆம் பிரிவில், இதை வெளிப்படையாகவே சொல்கிறது. முதுகுவலி என்ற விஷயமும், 'நாற்காலி பற்றி ஒரு பத்தி வேண்டும்' என்ற குறிப்பும் யாருக்கும் சொத்தாகாது. அவர்கள் தங்கள் வாசகங்களையே எழுதிக் கொடுத்து நீங்கள் அப்படியே சேர்த்திருந்தால், அந்த வரிகள் மட்டும் அவர்களுடையவை. மற்றதெல்லாம் எழுதி முடித்த கணத்திலேயே உங்களுடையதாகிவிட்டது. எங்கும் பதிவு செய்யத் தேவையில்லை. 1886இல் உருவான, பதிப்புரிமைக்கான சர்வதேச ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையின் அடிப்படையே அதுதான்.

அந்த உரிமை அவர்கள் கைக்குப் போக உங்கள் சம்மதம் வேண்டும். இந்தியா, பிரிட்டன், அமெரிக்கா மூன்றிலுமே பதிப்புரிமையை முழுதாக மாற்றித்தர எழுத்தும் கையொப்பமும் அவசியம். இந்தியச் சட்டத்தில், எழுதிக் கொடுத்த பத்திரத்திலேயே காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும் கொடுத்ததாகத்தான் கொள்வார்கள். உங்களிடம் எதுவும் வாங்காமல் 'பொருந்தவில்லை' என்று திருப்பிய ஒருவருக்கு உரிமை எங்கிருந்து வந்தது?

ஆனால் ஒன்றை இன்றே பார்த்துவிடுங்கள்: கணக்குத் தொடங்கும்போது 'ஒப்புக்கொள்கிறேன்' என்று நீங்கள் அழுத்திய அந்தத் தளத்தின் விதிமுறைகள். உரிமை எப்போது கைமாறுகிறது, அனுப்பினாலே போதுமா, கிளையன்ட் ஏற்ற பிறகா, பணம் வந்த பிறகா என்று தேடுங்கள். வெறும் சமர்ப்பிப்பையே பயன்படுத்தும் அனுமதியாகக் கொள்ளும் வாசகம் அதில் இருந்தால் உங்கள் வழக்கு பலவீனமாகும். புதியவர்கள் இந்தப் பக்கத்தைப் படிக்காமலே எழுதத் தொடங்குவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் பதைக்கிறது.

விதிமுறை உங்கள் பக்கம் இருந்தால், கிளையன்டுக்கு மறுபடி எழுதும் முன் ஆதாரத்தைச் சேகரியுங்கள். கடிதம் போன மறுநாளே பக்கம் மாறிவிடக்கூடும். அந்தப் பக்கத்தின் முகவரியும் தேதியும் தெரியும்படி ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள். இணையப் பக்கங்களைத் தேதியோடு சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் ஒரு பிரதி சேமியுங்கள். உங்கள் வரைவுகள், சமர்ப்பித்த நேரம், நிராகரித்த செய்தி மூன்றும் பத்திரமாக இருக்கட்டும். பிறகு பணம் அல்லது நீக்கம், இரண்டில் ஒன்றைக் கேட்டு, கெடு வைத்து மின்னஞ்சல் அனுப்புங்கள். அந்தத் தளத்துக்கும் புகார் கொடுங்கள்.

பதில் இல்லையென்றால், இணையதளத்தைத் தாங்கும் ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு நீக்கக் கோரிக்கை அனுப்பலாம். அமெரிக்க நிறுவனம் என்றால் அந்த நாட்டின் 1998ஆம் ஆண்டு டிஜிட்டல் பதிப்புரிமைச் சட்டமான டிஎம்சிஏவின்படி அதற்கு வழி உண்டு. தெரிந்தே பொய் சொல்லி அனுப்பினால் இழப்பீடு உங்கள் தலையில் விழும் என்பதால், உங்களுடைய வரிகளை மட்டும் குறிப்பிடுங்கள். எதிர்த்தரப்பு மறுப்பு அனுப்பினால், 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் நீங்கள் வழக்குத் தொடராவிட்டால் பக்கம் திரும்ப வந்துவிடும். அந்தக் கட்டத்தில் உள்ளூர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

வேறொருவருக்கு விற்க உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது விற்காதீர்கள் என்பதே என் ஆலோசனை. வாங்குபவர் நகல் சோதனை செய்தால் அந்த இணையதளம்தான் முதலில் வரும், திருடியவர் நீங்கள் என்று ஆகிவிடும். 'வேறெங்கும் வெளியாகாதது' என்று உறுதி கொடுத்து விற்றால் அந்த உறுதியும் பொய்யாகும். பக்கம் நீங்கட்டும், அப்போதும் நடந்ததை வாங்குபவரிடம் சொல்லிவிட்டு விற்பதுதான் பாதுகாப்பு.

இனி இப்படிப்பட்ட பொது அழைப்புகளுக்கு எழுதும்போது, நிராகரிக்கப்பட்டாலும் இன்னொருவர் வாங்கக்கூடிய விஷயமாகத் தேர்ந்தெடுங்கள். இங்கே பணம் தருவதாக யாரும் வாக்குக் கொடுக்கவில்லை, நஷ்டம் முழுக்க உங்களுடையது. ஒரு நிறுவனத்தின் பொருளைச் சுற்றியே எழுதும் கட்டுரை திரும்பி வந்தால் அதை எங்கும் விற்க முடியாது. அத்தகைய வேலையை நேரடி ஆர்டராக, தொகையும் திருத்தங்களின் எண்ணிக்கையும் பேசி முடித்த பிறகு மட்டும் எடுங்கள். அந்த ஆர்டரில், நிராகரித்தாலும் ஒரு பகுதித் தொகை தரவேண்டும் என்றும், முழுப் பணம் வந்த பிறகே உரிமை மாறும் என்றும் எழுதிக் கேளுங்கள்.