கை தூக்காத பையன்கிட்ட என்ன சொல்றது?

கேள்வி: அக்கா, எனக்கு 24 வயசு, கடலூர் மஞ்சக்குப்பம். எங்க சர்ச்ல சண்டே ஸ்கூல் எடுக்கறேன். மே லீவுல பாண்டிச்சேரி பக்கம் மூணு நாள் ரிட்ரீட் போனோம், ஆறாவதுலருந்து எட்டாவது வரைக்கும் படிக்கற பசங்க எட்டு பேர் என் குரூப். கடைசி நாள் ராத்திரி பாட்டு, ஜெபம்லாம் முடிஞ்சு "இயேசுவுக்கு ஒப்புக்கொடுக்கறவங்க கை தூக்குங்க"ன்னு ஸ்பீக்கர் சொன்னப்ப ஏழு பேர் அழுதுகிட்டே தூக்கிட்டாங்க, ஏழாவது படிக்கற ஒருத்தன் மட்டும் தூக்கல. திரும்பி வர்றப்ப வேன்ல என் பக்கத்துல வந்து உக்காந்து, "அண்ணா, எனக்கு ஒன்னுமே தோணல, இயேசுவுக்கு என்னப் புடிக்கலயா"ன்னு கேட்டான். அப்புறம் "ஃபெஞ்சல் புயல்ல எங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்தப்ப பாட்டி விடிய விடிய ஜெபம் பண்ணாங்க, அப்பயும் தண்ணி வந்துச்சே"ன்னான். நான் "விசுவாசம் வேணும்டா"ன்னு சொல்லி முடிச்சிட்டேன், ஆனா மனசு கேக்கல. கை தூக்கின ஏழு பேரும் இப்ப பழையபடிதான் இருக்காங்க. காலாண்டு லீவுல மறுபடி ரிட்ரீட் இருக்கு. நான் என்ன பண்ணணும்?

(பெயர் வேண்டாம், கடலூர்)

பதில்: தம்பி, உங்க லெட்டர்ல எனக்கு முதல்ல கண்ணுல பட்டது அந்தப் பையன் உங்க பக்கத்துல வந்து உக்காந்ததுதான். வேன் நிறைய ஃப்ரெண்ட்ஸ், கத்தல், ஜன்னல் சீட்டுக்கு சண்டை, அதெல்லாம் விட்டுட்டு வந்து, மத்தவங்க காதுல விழுந்தா கிண்டல் பண்ணுவாங்கன்னு தெரிஞ்ச ஒரு விஷயத்த உங்ககிட்ட சொல்லியிருக்கான். எட்டு பேர்ல அந்த மூணு நாளையும் ரொம்ப சீரியஸா எடுத்துக்கிட்டவன் அவன்தான்னு நான் நெனைக்கிறேன். சுத்தி எல்லாரும் கை தூக்கறப்ப, தோணாதத தோணுச்சுன்னு சொல்லாம சும்மா உக்காந்திருக்க அந்த வயசுல எவ்வளவு தைரியம் வேணும், அந்த உண்மை ஆண்டவருக்குத் தெரியாமலா இருக்கும்.

கடைசி நாள் ராத்திரியப் பத்தி ஒன்னு சொல்லிடறேன். அங்க ஒன்னுமே நடக்கலன்னு நான் சொல்ல மாட்டேன், அப்படி ஒரு ராத்திரியில ஆண்டவர் தொட்டவங்க இன்னைக்கும் சபையில உண்மையா ஊழியம் பண்றத நான் பாக்கறேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, மூணு நாளா சரியா தூக்கம் இல்ல, வீட்ட விட்டு வந்திருக்காங்க, லைட்ட அணைச்சாச்சு, கீபோர்டு மெதுவா போயிட்டிருக்கு, பக்கத்துல இருக்கறவன் தேம்பறான், பதினொன்னு பன்னெண்டு வயசுல ஃப்ரெண்டு என்ன பண்றான்றதுதான் உலகமே, அதுல ஒருத்தன் அழுதா அடுத்தவனுக்கும் தானா வந்துடும். அழுத ஏழு பேர்ல ஒருத்தன் அப்பா குடிக்கறத நெனைச்சு அழுதிருக்கலாம், ஒருத்தி கூடப் படிக்கற பொண்ணு பேசறத நிறுத்திட்டான்னு அழுதிருக்கலாம், இன்னொருத்தனுக்கு வீட்டு ஞாபகம். மறுநாள் காலையில யாராவது "நேத்து ஏன்டா அழுத"ன்னு ஒவ்வொருத்தர்கிட்டயும் தனித்தனியா கேட்டீங்களா? பெரும்பாலும் எந்த ரிட்ரீட்லயும் கேக்கறதில்ல, பெட்டி கட்டறதுக்கும் குரூப் ஃபோட்டோவுக்குமே நேரம் போயிடுது. அதனாலதான் அந்த ஏழு பேரும் பழையபடி இருக்காங்க, அது அவங்க தப்பு கெடையாது. பண்ருட்டியில முத்தின பலாவத்தான் தட்டிப் பாப்பாங்க, பிஞ்ச யாரும் தட்டிப் பாக்கறதில்ல.

இப்ப அந்தப் பையன் விஷயம். காலாண்டு லீவு வரைக்கும் காத்திருக்காதீங்க, இந்த ஞாயித்துக்கிழமையே சர்ச் முடிஞ்சதும் அவனப் புடிங்க. "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் ஒழுங்கா பதில் சொல்லல, நான் அதையேதான் யோசிச்சிட்டிருந்தேன்"ன்னு ஆரம்பிங்க. ஒரு பெரியவர் தன் கேள்விய இத்தன நாள் மனசுல வெச்சிருந்தாருன்றதே அவனுக்குப் பெரிய விஷயம்.

அப்புறம் சாமுவேல் கதைய அவனோட சேந்து படிங்க, 1 சாமுவேல் மூணாம் அதிகாரம். சண்டே ஸ்கூல்ல நூறு தடவ கேட்ட கதைதான், ஆனா ஏழாம் வசனத்துல நிறுத்துங்க. சாமுவேல் அதுவரைக்கும் கர்த்தரை அறியாதிருந்தான்னு அங்க எழுதியிருக்கு. கோயில்லயே வளர்ற பையன், கர்த்தரோட பெட்டி இருக்கற எடத்துலயே படுத்துத் தூங்கறவன், ராத்திரி கர்த்தர் பேர் சொல்லிக் கூப்பிடறப்ப கூப்பிடறது யாருன்னு அவனுக்கே தெரியல, மூணு தடவயும் அங்க இருந்த ஆசாரியர் ஏலிகிட்டதான் ஓடறான். கர்த்தருக்குக் கோவம் வரல, திரும்பத் திரும்பக் கூப்பிட்டாரு. உங்க பையனுக்கு வேண்டியது இதுதான், ஒன்னும் தோணாம இருக்கறதால அவன யாரும் தள்ளி வெக்கலன்னு அவனுக்குத் தெரியணும்.

ஆனா உங்களுக்குன்னு அதே அதிகாரத்துல இன்னொன்னு இருக்கு, ஏலியப் பாருங்க. ராத்திரியில மூணு தடவ எழுப்பறான், ஏலிக்கோ வயசாயி கண்ணும் மங்கிப்போச்சு, ஆனாலும் சின்னப் பையன விரட்டல, "நான் கூப்பிடலப்பா, போய்ப் படுத்துக்கோ"ன்றாரு. விஷயம் புரிஞ்சதுக்கப்புறமும் கூடவே போய்ப் பக்கத்துல நின்னு "இப்ப சொல்லு, இப்ப சொல்லு"ன்னு நெருக்கல. என்ன பதில் சொல்லணும்னு மட்டும் சொல்லிக்குடுத்து அவன் எடத்துக்கே அனுப்பிட்டாரு. கூப்பிடறது கர்த்தரோட வேலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருந்துச்சு. ரிட்ரீட்ல நமக்கு இருக்கற வேலையும் ஏலி பண்ண அந்த வேலைதான் தம்பி, பையன் எழுப்பினா எழுந்திரிக்கணும், அவன் சொல்றத முழுசாக் கேக்கணும், கர்த்தர் பேசற நேரத்த நாம புரோகிராம்ல ஒன்பதரை மணின்னு போட்டு வெக்கக் கூடாது.

புயல் கேள்விக்கு வர்றேன், எனக்கு இதுதான் ரொம்ப முக்கியமாப் படுது. "விசுவாசம் வேணும்டா"ன்னு நீங்க நல்ல மனசோடதான் சொன்னீங்க, ஆனா அவன் காதுல அது எப்படி விழுந்திருக்கும்? பாட்டிக்கு விசுவாசம் பத்தல, அதான் தண்ணி வந்துச்சுன்னு விழுந்திருக்கும். விடிய விடிய முழங்கால்ல நின்ன பாட்டி. அத நீங்க போய் சரி பண்ணியே ஆகணும்.

தண்ணி ஏன் வந்துச்சுன்றத மறைக்காம சொல்லுங்க, ஏழாவது படிக்கறவனுக்குப் புரியும். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் பாண்டி பக்கம் கரையக் கடந்துச்சு, பாண்டியில மட்டும் ஒரே நாள்ல 40 சென்டிமீட்டருக்கு மேல மழை, அப்புறம் மேல சாத்தனூர் அணை ரொம்பி லட்சம் கன அடிக்கு மேல திறந்துவிட்டாங்க, அவ்வளவும் தென்பெண்ணையில கடலூருக்குத்தான் வந்துச்சு. ஜெபம் பண்ண வீடு, பண்ணாத வீடு, எல்லாத்துக்குள்ளயும் பூந்துச்சு. சீலோவாம்ல கோபுரம் விழுந்து 18 பேர் செத்தப்ப, அவங்க மத்தவங்கள விடப் பெரிய பாவிங்கன்னு நெனைக்கிறீங்களான்னு இயேசுவே கேட்டு, அப்படி இல்லன்னு சொல்லிட்டாரு, லூக்கா 13ல இருக்கு. அதனால தண்டனை, சோதனைன்னு நாம எதையும் ஒட்ட வெக்க வேண்டாம். அப்ப ஆண்டவர் ஏன் தடுக்கலன்னு கேப்பான். "எனக்கும் முழுசாத் தெரியலடா"ன்னு சொல்லுங்க, பயப்படாதீங்க. "நீர் இங்கே இருந்திருந்தா என் சகோதரன் செத்திருக்க மாட்டான்"னு மார்த்தாளும் மரியாளும் இயேசு முகத்துக்கு நேராவே சொன்னாங்க, அவர் அவங்கள அதட்டல, அங்க அழுதாரு. அந்த மாதிரி கேள்விய நேரா அவர்கிட்டயே கேக்கலாம், அதுவும் ஜெபம்தான்னு சொல்லுங்க.

அதோட அவனுக்கு ஒரு வேலை குடுங்க. "அன்னைக்கு ராத்திரி பாட்டி என்ன கேட்டு ஜெபம் பண்ணாங்க, தண்ணி வந்ததுக்கப்புறம் என்ன சொல்லி ஜெபம் பண்ணாங்க, போய்க் கேட்டுட்டு வா"ன்னு அனுப்புங்க. நீங்களும் நானும் பத்து மெசேஜ் குடுத்தாலும் அந்த பதிலுக்கு ஈடாகாது. அடுத்த ரிட்ரீட்டுக்கும் வெளியூர் ஸ்பீக்கரோட சேத்து உங்க சபையில 2004 சுனாமிய, 2011 தானே புயல பாத்த ஒரு பெரியவரக் கூட்டிட்டுப் போங்க. அற்புதமா தப்பிச்ச சாட்சிதான் வேணும்னு கேக்காதீங்க, இழந்ததுக்கப்புறம் எப்படி ஜெபம் பண்ணாங்க, எத்தன நாள் ஜெபமே வரலன்றதையும் சொல்லச் சொல்லுங்க. நம்ம கடலூர்ப் பசங்க கடலப் பாத்து வளர்றவங்க, அவங்களுக்கு அது புரியும்.

ரிட்ரீட் எப்படி நடத்தறதுன்னு கேட்டீங்க. ஒப்புக்கொடுக்கற நேரம் வேணும்னா கடைசி நாள் காலையில வைங்க, நல்லாத் தூங்கி இட்லி சாப்ட்டதுக்கப்புறம், கை தூக்கறதெல்லாம் வேண்டாம், பேசணும்னு நெனைக்கறவங்க பேசலாம், பேசலன்னாலும் ஒன்னும் இல்லன்னு வாய்விட்டு சொல்லிடுங்க. மெசேஜ் எண்ணிக்கையக் கொறைங்க. இந்த வயசுப் பசங்க எதிர்ல உக்கார வெச்சு "சொல்லுடா, உன் ஆவிக்குரிய வாழ்க்கை எப்படி இருக்கு"ன்னு கேட்டா வாயத் திறக்க மாட்டாங்க, தட்டு கழுவறப்ப, பீச்சுல நடக்கறப்ப, பந்து போடறப்ப தானா வரும் (கடல்ல மட்டும் எறக்கிடாதீங்க, அங்க இழுப்பு ஜாஸ்தி). முதல் நாளே ஒரு டப்பா வெச்சு பேர் போடாம சீட்டுல கேள்வி எழுதிப் போடச் சொல்லுங்க, தினம் சாயங்காலம் ரெண்டு மூணு எடுத்துப் பேசுங்க. பன்னெண்டு வயசுல இயேசு தேவாலயத்துல போதகர்ங்க நடுவுல உக்காந்து அவங்க பேசறதக் கேட்டதும், அவங்ககிட்ட கேள்வி கேட்டதும்தான் லூக்கா எழுதி வெச்சிருக்காரு, நம்ம பசங்களும் கேக்கட்டும்.

ஒன்னு மட்டும் கண்டிப்பா. மனசுவிட்டுப் பேசற எடத்துல சில சமயம் ரொம்ப பாரமான விஷயமும் வெளிய வரும். "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு சத்தியம் பண்ணிடாதீங்க. யாரோ தப்பாத் தொட்டாங்க, அடிக்கறாங்கன்னு ஒரு பிள்ளை சொன்னா நம்புங்க, குறுக்குக் கேள்வி கேக்காதீங்க. பாலியல் விஷயம்னா தெரிஞ்சவங்க போலீஸ்ல சொல்லியே ஆகணும்னு 2012 போக்சோ சட்டம் சொல்லுது, எந்த மாதிரி கொடுமையா இருந்தாலும் சைல்டு ஹெல்ப்லைன் 1098. சபைக்குள்ளயே பேசி முடிச்சுக்கலாம்னு யார் சொன்னாலும், எவ்வளவு பெரியவர் சொன்னாலும், ஒத்துக்காதீங்க. நீங்களும் எந்தப் பிள்ளையோடயும் கதவ சாத்தின ரூம்ல தனியா உக்காராதீங்க, வராண்டாவுல உக்காருங்க, பொண்ணுங்களுக்கு அக்காங்க இருக்கட்டும், வாட்ஸாப்ல பேசினா வீட்ல தெரிஞ்சு பேசுங்க.

திரும்பி வந்ததுக்கப்புறம்தான் வேலையே இருக்கு. எட்டு பேருன்றது ஒரு ஆளுக்கு அதிகம், இன்னொரு அண்ணனச் சேத்துக்கோங்க, நாலு நாலு பேராப் பிரிச்சுக்கோங்க. பரீட்சை எப்படி எழுதினான், அம்மாவுக்கு காய்ச்சல் விட்டுச்சா, அந்த ஃப்ரெண்டு திரும்பப் பேசறாளான்னு வாரா வாரம் கேக்கணும், அவ்வளவுதான், ஆனா விடாம கேக்கணும். அந்தப் பையன் அடுத்த ரிட்ரீட்டுக்கு வரலன்னு சொன்னா இழுக்காதீங்க, கிளாஸ்ல எப்பவும் போலப் பேசுங்க.

எத்தன பேர் ஒப்புக்கொடுத்தாங்கன்னு உங்க ஆயரும் கமிட்டியும் கேப்பாங்க, அவங்க அக்கறையிலதான் கேக்கறாங்க. போறதுக்கு முன்னாடியே ஆயரப் பாத்து இந்தப் பையன் பேர சொல்லாம அவன் கேட்டத மட்டும் சொல்லுங்க, இந்தத் தடவ எண்ணிக்கை வராது, பசங்க சீட்டுல கேட்ட கேள்விங்கள எழுதிக் குடுக்கறோம், அதுக்கு நீங்க ஒரு ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பேசுங்கன்னு கேட்டுப் பாருங்க. புரோகிராம் பிரிண்டுக்குப் போறதுக்கு முன்னாடி போய்ப் பேசிடுங்க தம்பி, போனதுக்கப்புறம் யாரும் மாத்த ஒத்துக்க மாட்டாங்க.