டீச்சரிடம் கேளுங்கள்: "மன்னிக்கச் சொல்றாங்களே, டீச்சர்"

கேள்வி: என் தங்கச்சி மகனுக்கு 13 வயசு. சர்ச்சுல பூசைக்கு உதவி செய்யப் போயிட்டிருந்தான். ரெண்டு மாசமா ஞாயிறு விடிஞ்சா வயித்துவலிங்கிறான். போன வாரம் என் மடியில படுத்துக்கிட்டு, சர்ச் சாமியார் அவன்கிட்ட எப்படித் தப்பா நடந்துக்கிட்டார்னு சொல்லிட்டான். அன்பியத்துப் (எங்க தெருவுல சர்ச் குடும்பங்க கூடுற செபக் குழு) பெரியவங்க, "எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொல்லியிருக்கார் ஆண்டவர். ஆயர்கிட்ட (பிஷப்) சொல்லிச் சாமியாரை வேற ஊருக்கு மாத்திடலாம், போலீசு வேணாம்"ங்கிறாங்க. தங்கச்சி வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கார், வந்தா கத்தியைத் தூக்குவார். புகார் கொடுத்தா பாவமா?
– ஒரு பெரியம்மா, காசிமேடு

பதில்: பாவம் இல்லை. இதை முதல்ல மனசுல போட்டுக்கிட்டு மீதியைப் படிங்க.

பிள்ளை உங்க மடியைத் தேடி வந்து சொல்லியிருக்கான். "நம்புறேன்டா"ன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு விடுங்க. திரும்பத் திரும்பக் கேட்டு அவனை நோகடிக்காதீங்க. அன்பியத்துல நடுவுல நிறுத்தி விசாரிக்க மட்டும் விட்டுடாதீங்க.

பெரியவங்க சொல்ற வசனம் மத்தேயு 18-ல இருக்கு. அதே அதிகாரம் எப்படி ஆரம்பிக்குதுன்னு அவங்களையே வாசிக்கச் சொல்லுங்க. ஆண்டவர் ஒரு சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு நடுவுல நிறுத்துறார். அப்புறம் சொல்றார், இந்தச் சிறியவங்கள்ல ஒருத்தரை விழப் பண்றவன் கழுத்துல எந்திரக்கல்லைக் கட்டிக் கடல்ல தள்றதே அவனுக்கு நல்லதுன்னு. காசிமேட்டுக்காரங்களுக்கு நடுக்கடல்னா என்னன்னு நான் சொல்லணுமா? ஆறாம் வசனத்தைத் தாண்டிக் குதிச்சு இருபத்திரெண்டுக்குப் போறது வேதம் வாசிக்கிறது இல்லைங்க. மன்னிப்பு அந்தப் பையனோடது. அவன் இருபது வயசுல கொடுக்கலாம், அறுபதுல கொடுக்கலாம், கொடுக்காமலும் போகலாம். அவன் பேர்ல கமிட்டி கையெழுத்துப் போட முடியாது.

மாற்றல் பத்தி நான் பேசியே ஆகணும். முப்பது வருஷம் இருக்கும். நான் பிள்ளைங்களுக்கு மறைக்கல்வி (வேதபாடம்) எடுத்த பங்குல (சர்ச்சுல), பாடகர் குழுவுல இருந்த ஒரு பொண்ணு திடீர்னு வர்றதை நிறுத்திட்டா. கருவாடு விக்கிற அவ அம்மா என்கிட்ட வந்து அழுதாங்க. "செபம் பண்ணுவோம்"னேன். மூணு மாசத்துல சாமியாருக்கு மாற்றல். பிரிவு உபசாரத்துக்கு எம்.சி. ரோட்டுல பொன்னாடை வாங்கினது நான்தான். அரக்குக் கலர், ஜரிகைக் கரை. பேரம் பேசி இருபது ரூபா குறைச்சேன். போட்டோவுல நானும் நிக்கிறேன். அவர் போய்ச் சேர்ந்த ஊர்லயும் பாடகர் குழு இருக்குமேன்னு அன்னிக்கு எனக்குத் தோணவே இல்லை. தோணலையா, தோண விடலையான்னு இன்னும் எனக்குத் தெரியலை.

சட்டம் அப்போ இப்படி இல்லை. இப்போ 2012-ல வந்த போக்சோ (பிள்ளைங்களைப் பாலியல் குற்றங்கள்ல இருந்து காக்கிற சட்டம்) இருக்கு, பையன்களுக்கும் சேர்த்துதான். விஷயம் தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீசுக்குச் சொல்லியே ஆகணும். சொல்லலைன்னா ஆறு மாசம் வரை ஜெயில். தன் கீழே வேலை பார்க்கிறவர் செஞ்சதை நிர்வாகப் பொறுப்புல இருக்கிறவர் மறைச்சா ஒரு வருஷம் வரை. அன்பியத்துல இதைச் சத்தமா வாசிச்சுக் காட்டுங்க, குரல் இறங்கும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குப் போன் போடுங்க. வாக்குமூலத்தை வீட்லயே வாங்கலாம், எழுத வர்றவங்க யூனிஃபார்ம்ல வரக் கூடாது. பையன் பேரோ படமோ பத்திரிகையில வரக் கூடாது. கோர்ட்ல சாட்சி சொல்றப்போ சாமியாரை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதும் இல்லை. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு, கூட்டிட்டுப் போங்க.

ஆயருக்கும் எழுதுங்க, ஆனா போலீசுக்குப் பதிலா இல்லை. போப் பிரான்சிஸ் 2019-ல போட்ட சட்டப்படி, புகார் சொன்னவங்களை வாயை மூடச் சொல்ல திருச்சபைக்கே உரிமை இல்லை.

தங்கச்சி வீட்டுக்காரர் கரைக்கு வந்ததும் நீங்களே முதல்ல போய்ப் பாருங்க. அவர் கத்தியைத் தூக்கினா ஜெயிலுக்குப் போறது அவர், "என்னாலதான் அப்பா போனார்"னு சுமக்கிறது பையன். அந்த ரெண்டு கையும் பிள்ளை தோள்ல இருக்கட்டும்னு சொல்லுங்க.

கேள்வி: எங்க பழைய சாமியார் இதே மாதிரி வழக்குல புழல்ல இருக்கார். என் கல்யாணத்தை நடத்தி வச்சவர். "சிறையில் இருந்தேன், என்னைத் தேடி வந்தீர்கள்"னு வேதம் சொல்லுது. பார்க்கப் போகலாமா? வீட்ல திட்டுறாங்க.
– ஒரு வாசகர், பெரம்பூர்

பதில்: போங்க தம்பி. வேட்டி சட்டை, சோப்பு எதை அனுமதிக்கிறாங்கன்னு கேட்டு எடுத்துட்டுப் போங்க, அடையாள அட்டையை மறந்துடாதீங்க. நல்ல வக்கீல் வேணும்னா அதுவும் அவர் உரிமைதான், தீர்ப்பு சொல்லப்போறது கோர்ட்டு. ஆனா பங்கு சார்பா போகாதீங்க, போட்டோ எடுத்து குரூப்புல போடாதீங்க. "அந்தக் குடும்பத்துக்கிட்ட பேசிப் பாரேன்"னு அவர் கேட்டா, எழுந்து வந்துடுங்க. உண்மையா மனசு மாறினவர் அப்படிக் கேட்க மாட்டார். வேதத்துல வர்ற வரி வசூல்காரர் சக்கேயு வெறுமனே மனசு மாறினதோட நிக்கலை, ஏமாத்தி வாங்கினதை நாலு மடங்கா திருப்பித் தர்றேன்னார்.

இன்னொண்ணு. உங்க கடிதம் மூணு பக்கம். அதுல அந்தப் பிள்ளையோட வீட்டுக்கு நீங்க போனதா ஒரு வரி கூட இல்லையே?